டாக்டருக்கே தெரியலன்னா?

ஒரு சின்ன கேள்வி. திருநம்பிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமா? திருநங்கைக்கு ப்ராஸ்டேட் பிரச்சனை வருமா?

ரெண்டுமே வரலாம். கர்ப்பப்பை வாயை அகற்றாத திருநம்பிக்கு அந்த ஆபத்து இருந்துகொண்டேதான் இருக்கும். திருநங்கைகளுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையில் பொதுவாக ப்ராஸ்டேட்டை எடுப்பதில்லை. இது நமக்குத் தெரியலன்னா பரவாயில்ல. எதிரில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்குத் தெரியலன்னா, எடுக்க வேண்டிய டெஸ்ட் எடுக்காமலே போயிடும்.

திருநர்களிடம் மரியாதையா பேசினா போதும்னு நிறைய பேர் நினைக்கிறோம். மரியாதை கண்டிப்பா வேணும். அது இல்லன்னா யாரும் ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டாங்க. ஆனா அதோட முடியல. ஈஸ்ட்ரோஜன் எடுப்பவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடும். அப்படி ஒருத்தர் கால் வீங்கி வந்தா, டாக்டர் முதல்ல அதை யோசிக்கணும். இன்னொண்ணு: ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை. டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் இந்த அளவு ஏறும். ஒரு வருஷமா அதை எடுக்கிற திருநம்பிக்கு 12.5 இருந்தால், பெண்களுக்கான கணக்கில் நார்மல். ஆனா அவருக்கு அது குறைவு. இதெல்லாம் நல்ல மனசு இருந்தா மட்டும் தெரிஞ்சிடாது. யாராவது சொல்லித் தரணும்.

சொல்லித் தர்றாங்களா? அமெரிக்கா, கனடா மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி 2011-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, பால்புதுமையினர் தொடர்பான மொத்தப் பாடத்துக்கும் கிடைத்த இடைநிலை நேரம் வெறும் 5 மணி நேரம்.

இந்தியாவில் 2019-ல் வந்த திருநர் உரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு, டாக்டர்களின் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யச் சொல்கிறது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையினர் வழக்கு ஒன்றில் உத்தரவு போடும் முன், ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, பாடப் புத்தகங்களில் இழிவான வார்த்தைகள் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியது. அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் கடைசியில் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பெண்-பெண் உறவை மறுபடியும் 'இயற்கைக்கு மாறான பாலியல் குற்றம்' பட்டியலில் சேர்த்தது! எதிர்ப்பு கிளம்பிய பிறகு, செப்டம்பர் 5-ல் வாபஸ். ஒரு தடவை திருத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு விட முடியாது, யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும்.

"நாம இன்ஜினியரிங், நமக்கென்ன?" ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எழுதப் போறது நம்மில் யாரோதான். 'ஆண்'னு டிக் பண்ணதும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டை மறைக்கிற மாதிரி கோட் எழுதினா, நல்லா படிச்ச டாக்டராலகூட அதை எழுதிக் கொடுக்க முடியாது. பாலினத்துக்கு ஒரு ஃபீல்ட், உடம்பில் இருக்கும் உறுப்புகளுக்குத் தனி ஃபீல்ட். நாம டேட்டாபேஸ் டிசைன் பண்ணும்போதே இதைக் கேட்டுடலாம்.