கம்ப்யூட்டர் முன் உட்காருவது எப்படி?

இத்தாலி நாட்டில் ஒருவர் இருந்தார். பத்திரம் எழுதுவது அவர் தொழில். காலை முதல் இரவு வரை எழுதிக்கொண்டே இருப்பார்.

சில ஆண்டுகளில் அவருடைய வலது கை சோர்ந்தது. மருந்து எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அந்தக் கை முற்றிலும் செயல் இழந்துவிட்டது. அவர் மனம் தளரவில்லை. இடது கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடது கைக்கும் அதே கதி!

இதை 1713-ம் ஆண்டில் எழுதி வைத்தவர், பெர்னார்டினோ ராமசினி என்ற டாக்டர். எழுத்து வேலை செய்கிறவர்களுக்கு நோய் வர 3 காரணங்களை அவர் சொன்னார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே மாதிரி அசைப்பது, மனதுக்கு ஓய்வு தராதது.

பேனா போய் இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால், அந்த 3 காரணங்களும் அப்படியே இருக்கின்றன!

விரல் மரத்துப் போவது ஏன்?

நம் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதற்குள் ஒரு நரம்பும், விரல்களை மடக்கும் 9 தசை நாண்களும் செல்கின்றன. நரம்பு நசுங்கினால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ஆகியவை மரத்துப் போகும். இரவில் தூக்கம் கெடும். சர்க்கரை நோய், கர்ப்ப காலம் போன்றவற்றாலும் இது வரலாம். மணிக்கட்டை வளைத்து வைத்து வேலை செய்தால் நெருக்கம் இன்னும் கூடும்.

முதலில் நாற்காலி

பலர் முதலில் திரையைத்தான் சரி செய்வார்கள். அப்படிச் செய்யக்கூடாது. நாற்காலியில் தொடங்க வேண்டும்.

தோளைத் தளர விடுங்கள். முழங்கையை மடக்குங்கள். கை தானாகக் கீபோர்டின் மேல் வந்து அமர வேண்டும். மேஜை உயரமாக இருந்தால் தோள் மேலே தூக்கும். கழுத்து வலி வரும். சாதாரண மேஜையின் உயரம் இரண்டரை அடி. குட்டையானவர்களுக்கு இது அதிகம். அவர்கள் நாற்காலியில் ஒரு திண்டு போட்டு உயர்ந்து உட்காரலாம்.

இப்போது கால் தொங்குமே? காலடியில் ஒரு மணைப் பலகையைப் போடுங்கள். பாதம் முழுவதும் படிய வேண்டும். இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முதுகுக்குத் தாங்கல் ஆயிற்று!

மவுஸ் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எட்டி எடுத்தால் தோள் நோகும்.

பிறகு திரை

திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது. ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரில் இருந்தாலும், முதுகுக்குப் பின்னால் இருந்தாலும் கண் கூசும்.

லேப்டாப்பில் ஒரு சங்கடம் உண்டு. திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை! கைக்கு வசதியாக வைத்தால் தலை குனியும். மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. குனியக் குனிய அந்தச் சுமை கழுத்தில் ஏறும். அதனால் லேப்டாப்பைத் தடித்த புத்தகங்களின் மேல் உயர்த்தி வையுங்கள். கீபோர்டும் மவுஸும் தனியாக வாங்கி இணையுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

எழுந்திருங்கள்!

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும், மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவது கெடுதல். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைந்துவிடுகிறது. அதனால்தான் கண் எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். வேண்டுமென்றே இமை கொட்டுங்கள்.

விரல் மரத்துப் போவது சில நாட்களில் நீங்காவிட்டாலும், கையில் பிடித்த பொருள் நழுவி விழுந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தைலம் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு என்ன? ஒரு திண்டு, ஒரு பலகை, ஒரு துண்டு, நாலு புத்தகம். பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவை. இன்றைக்கே உங்கள் பிள்ளைகளின் மேஜையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் வேறு வாங்கலாம். கை கெட்டுப்போனால் எங்கே வாங்குவது?