விளையாட்டில் சைகை மோசடி

விளையாட்டில் சைகை மோசடி என்பது, களத்தில் பயன்படும் சைகைகளை முறைகேடான வழியில் அறிந்துகொள்வதையும், முறைகேடான நோக்கத்துக்காகச் சைகை காட்டுவதையும் குறிக்கும். இது இரு வகைப்படும். எதிரணியின் இரகசியச் சைகைகளைப் படம் பிடித்தோ ஒளிந்திருந்து பார்த்தோ கண்டறிவது முதல் வகை. இது சைகைத் திருட்டு எனப்படுகிறது. பணம் பெற்ற வீரர் ஒருவர், தான் பேசியபடி ஆடப் போவதைச் சூதாட்டத் தரகர்களுக்குக் களத்திலிருந்தே தெரிவிப்பது இரண்டாம் வகை. அமெரிக்கக் கால்பந்தில் முதல் வகையும், இந்தியக் கிரிக்கெட்டில் இரண்டாம் வகையும் பெரும் சர்ச்சைகளை உண்டாக்கியுள்ளன.

சைகையின் தேவை

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்கும் முன்னர், எந்த உத்தியைக் கையாள வேண்டும் என்பதைப் பயிற்சியாளர் களத்துக்கு வெளியிலிருந்து தெரிவிப்பார். பார்வையாளர்களின் இரைச்சலில் குரல் எட்டாது என்பதால் கைச்சைகைகளும் பட அட்டைகளும் பயன்பட்டன. பேஸ்பால் ஆட்டத்தில் பந்தைப் பிடிப்பவர், அடுத்து எவ்வகைப் பந்தை எறிய வேண்டும் என்று விரல்களால் காட்டுவார். இச்சைகையின் பொருள் எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், அடுத்து வரப்போவது என்ன என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

களத்தில் நிற்கும் ஒருவர் வெறும் கண்ணால் கவனித்து எதிரணியின் சைகையைப் புரிந்துகொள்வது பொதுவாகக் குற்றமாகக் கருதப்படுவதில்லை. அது ஆட்டத் திறனின் ஒரு பகுதி என்றே பலர் கருதுகின்றனர். ஒளிப்படக்கருவி, ஆளில்லா வானூர்தி போன்றவற்றைப் பயன்படுத்துவதும், தடை செய்யப்பட்ட இடத்திலிருந்து பதிவு செய்வதுமே விதிமீறலாகின்றன.

கால்பந்தில் சைகைத் திருட்டும் உளவும்

2007 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் ஊழியர் ஒருவர் எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளைக் களத்தின் ஓரத்திலிருந்து படம் பிடித்தபோது பிடிபட்டார். அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக், தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு 5 இலட்சம் டாலரும், அணிக்கு 2.5 இலட்சம் டாலரும் அபராதம் விதித்தது. 2008ஆம் ஆண்டு வீரர் தேர்வில் அணியின் முதல் சுற்று வாய்ப்பும் பறிக்கப்பட்டது. அணி ஒப்படைத்த பதிவுகளை லீக் நிர்வாகமே அழித்துவிட்டது. இதனால் இம்முறைகேடு எத்தனை ஆட்டங்களில் நடந்தது, எவ்வளவு பயன் கிடைத்தது என்ற ஐயம் தீராமல் போனது. அமெரிக்க மேலவை உறுப்பினர் ஆர்லன் ஸ்பெக்டர் இதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

2008 முதல் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரின் தலைக்கவசத்திலும் வானொலிக் கருவி பொருத்த லீக் அனுமதித்தது. சைகையின் தேவை குறைந்தால் திருட்டும் குறையும் என்பதே இதன் அடிப்படை. கல்லூரி அணிகளுக்கு இவ்வசதி 2024இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில், மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ஊழியர் ஒருவர் எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பிச் சைகைகளைப் பதிவு செய்தார் என்ற புகார் எழுந்திருந்தது.

உலகெங்கும் ஆடப்படும் கால்பந்தில் சைகைகளைவிடப் பயிற்சி முறைகளே உளவு பார்க்கப்படுகின்றன. 2019 சனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் அணியின் ஊழியர் ஒருவர், டெர்பி கவுண்டி அணியின் பயிற்சித் திடலுக்கு வெளியே நின்று கவனித்தது தெரியவந்தது. லீட்ஸ் அணிக்கு 2 இலட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், நியூசிலாந்து மகளிர் அணியின் பயிற்சியை ஆளில்லா வானூர்தி மூலம் படம் பிடித்ததற்காகக் கனடா அணியின் 6 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அதன் தலைமைப் பயிற்சியாளருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது.

சூதாட்டத்துக்கான சைகை

ஆட்டத்தின் முடிவையே முன்கூட்டித் தீர்மானிப்பது ஆட்ட நிர்ணயம் (மேட்ச் பிக்சிங்) எனப்படும். குறிப்பிட்ட ஓர் ஓவரில் எத்தனை ஓட்டங்கள் கொடுப்பது என்பது போன்ற சிறு பகுதியை மட்டும் பேசி வைப்பது ஸ்பாட் பிக்சிங் எனப்படும். இதற்கு அணியிலுள்ள ஒருவரின் ஒத்துழைப்பே போதும். ஆட்டத்தின் வெற்றி தோல்வி மாறாமலேயே சூதாட்டத் தரகர் பணம் ஈட்டிவிடலாம்.

இங்குச் சைகை ஏன் தேவைப்படுகிறது என்பது பந்தயம் நடக்கும் முறையைப் பார்த்தால் விளங்கும். ஓவர் தொடங்கும் முன்னரே தரகர் பெருந்தொகையைப் பந்தயத்தில் வைக்க வேண்டும். வீரர் மனம் மாறியிருக்கலாம். பந்து வீச அழைக்கப்படாமலும் போகலாம். எனவே "பேசியபடி இப்போது செய்யப் போகிறேன்" என்ற உறுதி, பந்து வீசப்படும் முன்பே கிடைத்தாக வேண்டும். களத்தில் கைப்பேசி கிடையாது. தொலைக்காட்சியில் தெரியும் ஓர் உடலசைவே செய்தியாகிறது. சைகைக்கும் முதல் பந்துக்கும் இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் பந்தயங்கள் வைக்கப்படுகின்றன.

2013 ஐபிஎல் வழக்கு

2013 மே 16 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் அணியின் எஸ். ஸ்ரீசாந்த், அஜித் சந்தீலா, அங்கீத் சவான் ஆகிய மூவரையும் தில்லி காவல் துறை மும்பையில் கைது செய்தது. மே 5, 9, 15 ஆகிய நாள்களில் நடந்த மூன்று ஆட்டங்களில், ஓர் ஓவரில் குறிப்பிட்ட அளவு ஓட்டங்களைக் கொடுக்க அவர்கள் பணம் பேசியதாகக் காவல் துறை கூறியது.

மே 9 ஆட்டத்தில் ஸ்ரீசாந்த் தமது இரண்டாவது ஓவருக்கு முன் இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டதே சைகை என்பது காவல் துறையின் கூற்று. உடற்பயிற்சி செய்து நேரம் கடத்தியது, தரகர்கள் பந்தயம் வைக்க அவகாசம் தருவதற்காக என்றும் கூறப்பட்டது. 14 ஓட்டங்கள் பேசப்பட்ட அந்த ஓவரில் 13 ஓட்டங்கள் எடுக்கப்பட்டன. ஸ்ரீசாந்த் குற்றச்சாட்டை மறுத்தார். மே 5 ஆட்டத்தில் சந்தீலா ஓட்டங்களைக் கொடுத்தபோதிலும் சைகை காட்ட மறந்துவிட்டார் என்றும், அதனால் பந்தயம் வைக்க முடியாத தரகர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டனர் என்றும் காவல் துறை தெரிவித்தது.

இவ்வழக்கின் இன்னொரு கிளை சென்னையை எட்டியது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியுடன் தொடர்புடைய குருநாத் மெய்யப்பன், பந்தயம் கட்டிய குற்றச்சாட்டில் 2013 மே 24 அன்று மும்பைக் காவல் துறையால் கைது செய்யப்பட்டார். உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. பின்னர் அமைக்கப்பட்ட, முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான குழு, 2015 சூலை 14 அன்று சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர் நிறுவனங்களை ஈராண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. குருநாத் மெய்யப்பனுக்கும் ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட் நடவடிக்கைகளில் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. இரு அணிகளும் 2018இல் மீண்டும் களமிறங்கின. அவ்வாண்டுக் கோப்பையைச் சென்னை அணி வென்றது.

வீரர்கள் மீதான குற்றவியல் வழக்கு வேறு திசையில் சென்றது. மகாராட்டிர ஒருங்கமைக்கப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தொடரப்பட்ட அவ்வழக்கிலிருந்து மூவரையும் மற்றவர்களையும் தில்லி விசாரணை நீதிமன்றம் 2015 சூலை 25 அன்று விடுவித்தது. ஆயினும் கிரிக்கெட் வாரியம் விதித்த தடை நீங்கவில்லை. ஸ்ரீசாந்த் தொடுத்த வழக்கில் 2019 மார்ச் 15 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை முடிவில் தலையிடவில்லை; வாழ்நாள் தடை மிகையானது என்று கூறித் தண்டனை அளவை மட்டும் மறுஆய்வு செய்யச் சொன்னது. அதன்பின் தடை ஏழாண்டுகளாகக் குறைக்கப்பட்டு, 2020 செப்டம்பரில் முடிந்தது.

கர்நாடக பிரீமியர் லீக் வழக்கு

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் ஆகிய எல்லைப் பகுதி ஊர்களுக்கு அருகிலுள்ள பெருநகரம் பெங்களூரு ஆகும். அந்நகரின் மத்தியக் குற்றப் பிரிவு, 2019இல் கர்நாடக பிரீமியர் லீக் போட்டிகளில் நடந்ததாகக் கூறப்பட்ட முறைகேடுகளை விசாரித்தது. செப்டம்பரில் ஓர் அணியின் உரிமையாளரும், அதன்பின் பயிற்சியாளர், வீரர்கள் சிலரும் கைதாயினர். மட்டையாளர் ஒருவர் மெதுவாக ஆடப் பணம் பெற்றதாகவும், சட்டைக் கையை மடித்துவிடுவதும் மட்டையை மாற்றுவதும் அவர் காட்ட வேண்டிய சைகைகள் என்றும் காவல் துறை கூறியது. 2019 ஆகஸ்டு 31 அன்று மைசூரில் ஊப்ளி டைகர்ஸ், பல்லாரி டஸ்கர்ஸ் அணிகளுக்கிடையே நடந்த இறுதி ஆட்டமும் விசாரணைக்குள்ளானது.

2022 சனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் இவ்வழக்கில் நான்கு பேர் மீதான நடவடிக்கையை நீக்கியது. ஆட்ட நிர்ணயம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒருவரை ஏமாற்றி, அதனால் அவர் தமது பொருளைக் கொடுக்குமாறு தூண்டினால்தான் அப்பிரிவு பொருந்தும். பார்வையாளர்களோ தாமாக முன்வந்து நுழைவுச்சீட்டு வாங்குகின்றனர். வீரரின் செயல் நேர்மையற்றதாக இருக்கலாம். அதற்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டியது வாரியமே என்று நீதிமன்றம் கருதியது. இத்தீர்ப்பை எதிர்த்துக் கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறொரு மாநிலத்தின் உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே, இக்கேள்வியில் உச்ச நீதிமன்றம் முடிவு கூறாதவரை, எல்லையின் இருபுறமும் ஒரே செயல் வெவ்வேறு விதமாகப் பார்க்கப்பட இடமுண்டு. இது தமிழ்நாட்டுக்கும் தொடர்புடையது. 2016இல் தொடங்கப்பட்டு நத்தம், திருநெல்வேலி போன்ற இடங்களிலும் ஆட்டங்களை நடத்திய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், அறியாத நபர்களிடமிருந்து வாட்சப் செய்திகள் வந்ததாகச் சில வீரர்கள் 2019இல் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் தெரிவித்தனர்.

மெய்ப்பிப்பதிலுள்ள சிக்கல்

துண்டைச் செருகுவதும், சட்டைக் கையை மடிப்பதும், மட்டையை மாற்றுவதும் எல்லா ஆட்டங்களிலும் நடப்பவை. நல்ல மட்டையாளரும் சில நாள் மெதுவாக ஆடுவார். சிறந்த பந்து வீச்சாளரும் ஓர் ஓவரில் 15 ஓட்டங்கள் கொடுப்பார். சந்தேகம் வராத அளவுக்கு இயல்பான அசைவே சைகையாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதால், அந்த அசைவை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளி எனக் கூற இயலாது. தொலைபேசிப் பதிவு, பணம் கைமாறியதற்கான சான்று, பந்தயச் சந்தையில் திடீரென ஏற்படும் மாற்றம் ஆகியவை அதனுடன் பொருந்தி வர வேண்டும்.

விளையாட்டு அமைப்புகளின் ஒழுங்கு விசாரணைக்கும் குற்றவியல் வழக்குக்கும் தேவைப்படும் சான்றின் அளவு வேறு. குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். ஒழுங்கு விசாரணைக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே நிகழ்வில் நீதிமன்றம் விடுவித்தவருக்கு வாரியத்தின் தடை தொடர்வதற்கு இதுவே காரணம்.

சட்டமும் தடுப்பும்

இந்தியச் சட்ட ஆணையம் 2018 சூலையில் அளித்த 276ஆம் அறிக்கையில், ஆட்ட நிர்ணயத்தையும் விளையாட்டு மோசடியையும் தனிக் குற்றங்களாக்கப் பரிந்துரைத்தது. இலங்கை 2019இல் விளையாட்டுக் குற்றங்களைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

பன்னாட்டுக் கிரிக்கெட் ஆட்டங்களில் வீரர்கள் ஓய்வறைப் பகுதியில் கைப்பேசி வைத்திருக்கத் தடை உள்ளது. தரகர் ஒருவர் அணுகினால், பணம் வாங்காவிட்டாலும் அதை உடனே தெரிவிப்பது வீரரின் கடமை. அவ்வாறு தெரிவிக்கத் தவறியதற்காக 2019 அக்டோபரில் வங்காளதேச அணித்தலைவர் சாகிப் அல் அசனுக்கு ஈராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அதில் ஓராண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. குறைந்த ஊதியம் பெறும் இளம் வீரர்கள் ஆடும் மாநில அளவிலான போட்டிகளில் இக்கடமையைக் கற்பிப்பது மேலும் இன்றியமையாதது. பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது, பரிசுப்பொருள் தருவது, சிறு தகவல் கேட்பது எனத் தொடங்கும் தொடர்பே பின்னர்ச் சைகை காட்டும் நிலைக்கு வீரரைக் கொண்டுசெல்கிறது.