கோடை லீவில் குதிரை சவாரி கிளாஸ்: பிள்ளையைச் சேர்க்கும் முன் குதிரையைப் பாருங்க

பாறசாலையில் கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு மார்ச் முடிந்தால் லீவு. ஜூன் தொடக்கத்தில்தான் மறுபடி பள்ளிக்கூடம். எல்லை தாண்டி களியக்காவிளையில் படிக்கும் அதே வீட்டுச் சித்தப்பா மகனுக்கு ஏப்ரல் கடைசி வரை பரீட்சை இருக்கும். ஒருத்தன் லீவில் போரடித்துக் கிடக்க, இன்னொருத்தன் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பான். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்து, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றதன் விளைவுகளில் இதுவும் ஒன்று.

அந்த இரண்டு மாத லீவை நிரப்பத்தான் வாட்ஸ்அப்பில் போஸ்டர்கள் வருகின்றன. நீச்சல், களரி, ஓவியம், ரோபோட்டிக்ஸ் என்று இருந்த பட்டியலில் இப்போது குதிரை சவாரியும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள். ஊரிலிருந்து அக்கா போன் பண்ணுவார்: "இவன் குதிரை ஓட்டணும்னு ஒரே அடம். சேக்கலாமா? நீ நெட்ல பாத்துச் சொல்லு மக்களே."

சேர்க்கலாம். ஆனால் போஸ்டரில் இருக்கும் கட்டணம், நேரம், சான்றிதழ் இதெல்லாம் ரெண்டாவது விஷயம். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குதிரை ஏப்ரல், மே வெயிலில் எப்படி இருக்கிறது, ஜூன் மழையில் எப்படி இருக்கப் போகிறது என்பது. பிள்ளையின் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது. களைத்துப்போன, முதுகு வலிக்கிற குதிரை எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் ஒருநாள் உதறும்.

இந்தப் பக்கத்துக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

இல்லாமல் இல்லை. பதினேழாம் நூற்றாண்டில், உமையம்ம ராணி காலத்தில், முகிலன் என்று மக்கள் அழைத்த ஒரு முகலாயத் தளபதி குதிரைப் படையோடு வேணாட்டுக்குள் நுழைந்தான். வடக்கே கோட்டயம் அரச குடும்பத்திலிருந்து வந்த கேரள வர்மா அவனைத் திருவட்டாறு அருகே வீழ்த்தி, பிடிபட்ட குதிரைகளை வைத்தே உள்ளூர் ஆட்களுக்குச் சவாரி பழக்கினார் என்கின்றன திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரமாளிகையின் கூரைக்குக் கீழே 122 மரக் குதிரைகள் வரிசையாக நிற்கும். இன்றும் அந்தக் கோயில் ஆறாட்டு ஊர்வலத்தில் கேரள போலீஸின் குதிரைப் பிரிவு போகிறது.

அதெல்லாம் அரசரும் போலீஸும் ஏறிய குதிரைகள். பள்ளிப் பிள்ளைகள் ஏறுவது புதுசு. 2019-ல் திருச்சூர் மாவட்டம் மாளாவில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பரீட்சைக்குக் குதிரையில் போன வீடியோ நினைவிருக்கும். ஆனந்த் மகிந்திரா ட்வீட் போட்டு, நாடு முழுக்கப் பரவியது. 2023-ல் மலப்புறம் மாவட்டத்துப் பெண் நிதா அஞ்சும் சேலாட், பிரான்ஸில் நடந்த இளையோர் உலக எண்டூரன்ஸ் போட்டியில் 120 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவின் டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு அது 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைக்கு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

15 நாள் கிளாஸில் என்னதான் கத்துப்பாங்க?

உண்மையில் சவாரி கொஞ்சம்தான். நல்ல இடமாக இருந்தால் முதல் நாள் ஏற்றவே மாட்டார்கள். குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது, நெற்றிக்கு முன்னால் கொஞ்சம் இடமும் தெரியாது. அதனால் பின்னாலிருந்து போகக் கூடாது, பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போக வேண்டும் என்பதுதான் முதல் பாடம். அப்புறம் பிரஷ் போடுவது, குளம்பைத் தூக்கி உள்ளே சிக்கிய கல்லையும் சாணத்தையும் எடுப்பது. பத்து வயசுப் பிள்ளை சொல்வதைக் கேட்டு நானூறு கிலோ மிருகம் காலைத் தூக்கிக் கொடுக்கும். பல பிள்ளைகளுக்குப் பயம் போவது இந்த நிமிஷத்தில்தான்.

பிறகு ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்க, பிள்ளை மேலே உட்காரும். நிறுத்துவது, திருப்புவது. அடுத்து பயிற்சியாளர் நடுவில் நின்று நீளமான கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார். பிள்ளை கடிவாள வாரைத் தொடாமல், கையை விரித்து, வெறும் உடம்பாலேயே சமநிலை பிடிக்க வேண்டும். வாரைப் பிடித்துத் தொங்கிப் பழகினால் இழுபடுவது குதிரையின் வாய். அதனால் இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஓடுகிற இடம் பிள்ளைக்கும் நல்லதல்ல, குதிரைக்கும் நல்லதல்ல. அதற்கப்புறம் ட்ராட் என்கிற துள்ளு நடை. குதிரை இரண்டு இரண்டு காலாக எடுத்து வைக்கும் தாளத்துக்கு ஏற்ப எழுந்து எழுந்து உட்கார வேண்டும். இரண்டு நாள் தொடை வலிக்கும்.

15 நாளில் அநேகப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நிற்பார்கள். "இரண்டே வாரத்தில் கேன்டர், ஜம்பிங்" என்று போஸ்டர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஏறும் பிள்ளைக்குக் குதிரை சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் வேண்டும். பைக் ஹெல்மெட் கனம், கழுத்தை இழுக்கும், பக்கப் பார்வையையும் மறைக்கும். காலில் சின்னக் குதிகால் உள்ள ஷூ வேண்டும். தட்டையான செருப்போ ஸ்போர்ட்ஸ் ஷூவோ அங்கவடிக்குள் முழுசாக நுழைந்துவிட்டால், விழும்போது கால் சிக்கும். குதிரை விபத்துகளில் மோசமானது இப்படி இழுத்துச் செல்லப்படுவதுதான். டெட்டனஸ் ஊசி போட்டாச்சா என்றும் பாருங்கள். குதிரைச் சாணமும் லாயத்து மண்ணும் அந்தக் கிருமிக்குப் பிடித்த இடங்கள்.

வெயில் கணக்கு

குதிரைக்காரர்களிடம் ஒரு எளிய கூட்டல் உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத சதவீதத்தோடு கூட்டுங்கள். 130-க்குள் இருந்தால் கவலை இல்லை. 150-ஐத் தாண்டினால் குதிரையின் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் திணறும். 180-ஐ நெருங்கினால் சவாரியே வேண்டாம்.

இப்போது நம்ம ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் காலை ஆறு மணிக்கு 26 டிகிரி செல்சியஸ், அதாவது 79 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 90 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 169. மதியம் 33 டிகிரி, அதாவது 91. ஈரப்பதம் 65-க்கு இறங்கியிருக்கும். கூட்டினால் 156. என்னடா இது, மதியம்தான் பாதுகாப்பானது என்றா அர்த்தம்? இல்லை. இந்தக் கூட்டலில் சூரியன் கிடையாது. நேரடி வெயில் குதிரையின் முதுகில் ஏற்றும் சூடு தனி. ஆனால் "காலையில்தானே, குளுகுளுன்னு இருக்கு" என்று ஒரு மணி நேரம் ஓட்டுவதும் தப்பு என்பதை இது காட்டுகிறது. கடலோர ஈரக் காற்றில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

சட்டத்திலும் வெயிலைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. சுமை இழுக்கும், தூக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது. டெல்லிக்கும் நாக்பூருக்கும் பொருத்தமான எண் இது. பாறசாலையில் 37-ஐ எட்டாமலேயே குதிரை துவண்டுவிடும். சட்டத்தின் எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். அதே விதிகளில் உள்ள இன்னொரு வரி ரொம்ப உபயோகம்: ஓட்டவோ ஏறவோ முள் வைத்த கடிவாள இரும்பைப் பயன்படுத்துவது தடை. வாயின் ஓரங்களில் புண்ணோ தழும்போ இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மனித வியர்வையைவிடக் குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் "தாகம்" என்கிற சிக்னல் மூளைக்குச் சரியாகப் போகாது. பாதி வறண்ட குதிரை வாளியை வைத்தும் குடிக்காமல் நிற்கும். "அதுக்குத் தாகமே இல்ல சார்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். லாயத்தில் நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு பழைய நம்பிக்கை: சூடான குதிரையின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் கடும் புழுக்கத்தில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுவதுதான் வேகமாகச் சூட்டைத் தணிக்கும், தசைக்கும் கேடில்லை என்று தெரிந்தது. ஆகவே சவாரி முடிந்ததும் குழாயைத் திறக்கிறார்களா என்று கவனியுங்கள்.

நிதா ஓடிய எண்டூரன்ஸ் போட்டியின் விதியும் இதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பிடித்து இதயத் துடிப்பைப் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் அது 64-க்கு இறங்காவிட்டால் போட்டியிலிருந்து வெளியே. எவ்வளவு வேகமாக வந்தாலும் சரி. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. "ஒரு பேட்ச் முடிஞ்சதும் பல்ஸ் பாப்பீங்களா?" என்று பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள். சிரித்து மழுப்புகிறாரா, விளக்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நீங்களும் ஏறிப் பார்க்கலாமா?

லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு போட்டோவாவது எடுக்கணும் என்று இருக்கும். சேணத்தோடு சேர்த்து, ஏறுகிறவர் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நீங்கள் 75 கிலோ, சேணம் 8 கிலோ என்றால் குதிரை குறைந்தது 415 கிலோ இருக்கணும். பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் 300 கிலோ குட்டைக் குதிரை உங்களுக்கானது அல்ல.

ஜூன் வந்தால்?

கட்டணம் வருவது இரண்டு மாதம். தீனி போடுவது பன்னிரண்டு மாதம். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் சுமார் 8 கிலோ தீவனம் வேண்டும். வருடத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று டன். பச்சைப் புல்லாகக் கொடுத்தால் எடை நான்கைந்து மடங்கு ஆகும். ரப்பரும் மரச்சீனியும் வாழையும் வீடுமாக நெருங்கிக் கிடக்கும் இந்த எல்லை ஊர்களில் குதிரை மேய நிலம் எங்கே இருக்கிறது? மாட்டுக்குப் போடும் வைக்கோலை மட்டும் போட்டு வளர்த்தால் குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் பார்க்க ஆள் வரணும், அந்த ஆளும் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார்.

இதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் ஒரே குதிரையில் பேட்ச் மேல் பேட்ச் ஏற்றும் சபலம் வருகிறது. வருமானம் வரும் மாதங்களும் குதிரை உழைக்கக் கூடாத மாதங்களும் ஒன்றாக இருப்பதுதான் இந்தத் தொழிலின் சிக்கல். நடத்துகிறவர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் என்று சொல்லவில்லை. கணக்கு அப்படி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினதும் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். சேற்றில் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகல், தோலில் பூஞ்சை என்று செலவு கூடும்.

எல்லை என்பதால் இன்னொன்று. சீசனுக்கு மட்டும் குதிரையை வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவந்தால் கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்று கேளுங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய பாக்டீரியா நோய் அது. 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஓணம் சமயத்தில் தமிழ்நாட்டுப் பாலைச் சோதிக்கும் பாறசாலை சோதனைச் சாவடி எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கும் பேப்பர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

பிள்ளைக்கு ஆர்வம் ஒட்டிக்கொண்டால் பிற்காலத்தில் வழி இருக்கிறது. மண்ணுத்தியிலும் சென்னை வேப்பேரியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் என்சிசியின் ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி பிரிவு இருக்கிறது. அங்கே கேடட்களுக்குச் சவாரி பயிற்சியின் ஒரு பகுதி.

இப்போதைக்கு அக்காவிடம் சொல்லுங்கள்: டெமோ கிளாஸுக்கு அவர்கள் கூப்பிடும் காலை ஆறரைக்குப் போனால் போதாது. இன்னொரு நாள் மதியம் பன்னிரண்டுக்கு அந்தப் பக்கமாகப் போய், குதிரைகள் நிழலில் நிற்கின்றனவா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, சேணம் கழற்றிய முதுகில் முடி உதிர்ந்த தழும்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரு குதிரைக்கு ஒரு நாளில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்கட்டும். கடைசியாக, ஜூன் மாதம் சனி, ஞாயிறு கிளாஸ் உண்டா என்றும் கேட்கட்டும். "உண்டு, மழை இல்லாத நேரமா வாங்க" என்றால் குதிரைகள் அங்கேயே இருக்கப் போகின்றன.