நிழலைக் கண்டு அஞ்சுவதா?

வெள்ளவத்தையில் வாழும் எமது பெரியம்மா, சென்ற மாதம் தமது வயிற்று ஸ்கான் அறிக்கையோடு கொட்டாஞ்சேனைக்கு எம்மைத் தேடி வந்தார். பித்தப்பையில் கல்லும், அதன் பின்னே 'நிழலும்' உண்டென்று அதில் கண்டிருந்தது. கல்லை அவர் பொருட்படுத்தவில்லை. நிழல் என்ற சொல்லே அவரது உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அந்த நிழல் யாது? வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது, அதுவே கழியொலி. ஸ்கானில் பெரும்பாலும் 20 இலட்சம் முதல் 150 இலட்சம் அதிர்வுகள் வரை பயன்படுகின்றன. தோலின்மேல் வைக்கும் கருவி அவ்வொலியை உள்ளே செலுத்தி, மீளும் எதிரொலியை ஏற்கிறது. மெல்லிழையங்களில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீற்றர் செல்லும். ஆகவே எதிரொலி மீளும் நேரத்தைக் கொண்டு ஆழத்தையும், அதன் வலிமையைக் கொண்டு வெண்மையையும் யந்திரம் கணிக்கிறது. பித்தநீர் எதிரொலி தராது, கறுப்பாகத் தெரியும். கல்லோ ஒலியைத் தடுத்துத் திருப்பிவிடும். எனவே கல் வெள்ளையாகவும், ஒலி புகாத அதன் பின்புறம் கரும்பட்டையாகவும் தோன்றும். அப்பட்டையே நிழல்; கல்லைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமேயன்றி வேறொரு நோயன்று.

எதிரொலியை மின்சாரமாக்குவது கருவியினுள் இருக்கும் ஒரு பொருள். அழுத்தம் பட்டால் மின்சாரம் பிறக்கும் இப்பண்பைக் கியூரி சகோதரர் 1880இல் கண்ட பளிங்குகளுள் தூர்மலினும் ஒன்று. அப்பெயர் 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லின் வழிவந்தது. நம் நாட்டு இரத்தினங்களின் பெருமை இங்கும் எட்டிப் பார்க்கிறது! இன்றைய கருவிகளில் பெரும்பாலும் செயற்கைப் பீங்கானே உண்டு.

பெரியம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப தம்பி, கல்லுக்கு என்ன செய்யிறது?" என்றார்.

அதனை வைத்தியரிடமே கேட்போமென்று மறுநாள் அவரை அழைத்துச் சென்றோம்.