சேலைப் போர்வையைத் துவைக்காமல் கொடுக்கலாமா?

பழைய பருத்திச் சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓட்டத்தையல் போட்டு, பிறக்கப் போகும் குழந்தைக்கு விரிப்பு தைத்துக் கொடுக்கும் பெண்கள் நம்மில் நிறைய பேர் இருப்பீர்கள். தைத்து முடித்ததும் ஒரு கேள்வி வரும். துவைத்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா? இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்காதீர்கள் தோழியரே. போன புரட்டாசியில் எங்கள் வீட்டில் இதற்காகவே இரண்டு நாள் பேச்சு நடந்தது. அதில் தெரிந்துகொண்டதை நம் பக்கத்து வாசகிகளுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

எங்கள் அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அவர்களுடைய தகரப் பெட்டியில் ஆறு சேலைகள் இருந்தன. அக்கா மகள் தலைப்பிரசவத்துக்கு விழிதியூர் வந்திருந்தாள். அம்மா சேலையிலேயே குழந்தைக்கு ஒரு போர்வை தைக்கலாம் என்று சேலைகளை எடுத்து வைத்தேன். முதலில் துவைக்க வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், அக்கா பிடித்துக்கொண்டாள்.

"புதுசா ஒரு உசுருக்குக் குடுக்கறதுடி. தண்ணியில போட்டுக் கசக்கிட்டா அப்புறம் என்ன மங்கலம் இருக்கு? கோடி மாதிரி நனைக்காம, மூலையில மஞ்சள் தடவிக் குடு."

அவள் மகள் சொன்னது வேறு. "சித்தி, துவைக்காதீங்க. பெட்டியத் தொறந்தா அம்மாச்சி வாசனை வருது. அது போயிடும்."

அக்கா சொன்னதற்கு என்னிடம் பதில் இருந்தது. கோடி என்பது தறியிலிருந்து வந்த, தண்ணீர் படாத புதுத் துணி. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் அதை நனைக்காமல் கொடுப்பது சரி. இது முப்பது வருஷம் கட்டிய சேலை. அதோடு, பிறந்த பிள்ளைக்கு முதலில் கோடி ஆகாது, வெளுத்த பழந்துணிதான் போட வேண்டும் என்று சொன்னதும் அதே பெரியவர்கள்தானே! புதுத் துணியில் இருக்கிற கஞ்சியும் சாயமும் பச்சை உடம்பை உறுத்தும் என்பதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஆனால் அந்தப் பெண் சொன்னதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அம்மாவின் வாசனையை நான் மட்டும் கழுவிவிட ஆசைப்படுவேனா? அப்போதுதான் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா வந்தார்கள். சேலையை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உங்க அம்மா வாசனை இல்லடி, அந்துருண்டை வாசனை" என்றார்கள். பெட்டிக்கு அடியில் தேடினால், தேய்ந்து பட்டாணி அளவுக்கு ஆகியிருந்த நாலைந்து உருண்டைகள் கிடைத்தன.

அவர்கள் விளக்கிச் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்துருண்டை, அதாவது பாச்சை உருண்டை, பெரும்பாலும் நாப்தலின் என்ற பொருள். அது கரையாமலே ஆவியாகித் துணியின் இழைக்குள் போய்த் தங்கிவிடும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுவில் 'ஜி-6-பி-டி' என்ற நொதி குறைவாக இருக்கும். நம் நாட்டிலும் இது உண்டு. ஆண் குழந்தைகளிடம் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளையை இந்த நெடி ஏறிய துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும். கவனிக்காமல் விட்டால் மூளையையே பாதிக்கும், உயிருக்கும் ஆபத்து. அந்துருண்டை போட்டு வைத்த துணியால் கைக்குழந்தைகளுக்கு இப்படி ஆனதை 1950களிலேயே டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் தோல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போகும் என்பதும் அதில் உண்டு. நாம்தான் பிள்ளைக்கு எண்ணெய் தடவாத நாளே கிடையாதே! ஐரோப்பிய நாடுகளில் நாப்தலின் உருண்டை விற்பதையே 2008-ல் தடை செய்துவிட்டார்கள். நம் ஊர் மளிகைக் கடையில் இன்றைக்கும் பொட்டலம் பொட்டலமாகத் தொங்குகிறது. எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. அதற்கான ரத்தப் பரிசோதனையும் எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை.

அதைக் கேட்டதும் அக்காவும் மகளும் வாயே திறக்கவில்லை.

சும்மா ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதாது. நாப்தலின் தண்ணீரில் லேசில் கரையாது. வெயிலும் காற்றும்தான் அதை விரட்டும். அதனால் சேலைகளைத் தைப்பதற்கு முன்பே தனித்தனியாகப் பிரித்துக் கொல்லைக் கொடியில் போட்டேன். நாலு நாள் வெயிலில் காய்ந்தது. மூக்கில் வைத்தால் நெடி துளியும் இல்லை என்று ஆன பிறகுதான் துவைத்தேன். ஒரு மடிப்பாக இருக்கும்போது போகிற நெடி, ஐந்து மடிப்பாகத் தைத்த பிறகு போகாது. எங்கள் பக்கம் கடல் கிட்டே இருப்பதால் போர் தண்ணீரில் உப்பு அதிகம். சோப்பு நுரைக்காது, துணியும் விறைத்துப் போகும். கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும். நீலம், வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம்.

அடித்துணிக்குப் புதுக் காடாத் துணி வாங்கினால் அதையும் முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பழைய சேலை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. புதுக் காடா முதல் தண்ணீரில்தான் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் பிற்பாடு போர்வை முழுக்கக் கோணிக்கொள்ளும். சுங்குடிச் சேலை இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது குழந்தைப் போர்வைக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும் நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் அது ஒன்றும் செய்யாது.

தைத்த பிறகும் ஒரு முறை அலச வேண்டும். நம் கை வியர்வை, தரைத் தூசி, மிஷின் எண்ணெய் எல்லாம் ஏறியிருக்கும். அதற்கு முன் ஊசிகளை எண்ணுங்கள்! எத்தனை எடுத்தோமோ அத்தனையும் டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. ஐந்து மடிப்பு காய்வதற்கு நேரமாகும் என்பதால் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்துப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். பிரசவம் மார்கழியில் என்றால் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. மேலே போர்த்த வேண்டாம், கீழே விரிக்க மட்டும் என்பது நர்ஸ் அக்காவின் கண்டிப்பு. போர்வை முகத்தில் ஏறினால் சின்னக் குழந்தையால் விலக்க முடியாதே.

ஆறு சேலையில் ஐந்துதான் வெட்டினேன். ஆறாவதை அக்கா மகளுக்கென்று இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், குழந்தை படுக்கும் அறைக்கு வெளியே வைத்திருக்கிறேன். பிள்ளை வளர்ந்த பிறகு வேண்டுமட்டும் முகர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். அக்காவின் மஞ்சளையும் விடவில்லை. துவைத்துக் காய்ந்த போர்வையில், ஒரு மூலையில் ஒரு பொட்டு.

நம்முடைய இந்தப் போர்வைக்கு வெளியூரிலும் சொந்தங்கள் உண்டு. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி என்கிறார்கள். வங்காளத்துப் பாட்டிமார்கள் தைக்கும் நூலைக்கூட அந்தச் சேலையின் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம்.

வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு வகை. முகம் தெரியாதவர்களுக்குக் கொடுப்பது இன்னொரு வகை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கும் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கங்களுக்கும் லாரி லாரியாகப் பழந்துணி வந்ததே, நினைவிருக்கிறதா? துவைக்காதது, கிழிந்தது, அழுக்கேறியது எல்லாம் அதில் இருந்தன. வீட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மீனவப் பெண்கள் அதைத் தொடவில்லை. ரோட்டோரம் மலை மாதிரி குவிந்து கிடந்தது. அவர்கள் செய்தது சரி என்றுதான் நான் இன்றும் சொல்வேன். தில்லியில் 1999-ல் தொடங்கிய 'கூஞ்ச்' என்ற அமைப்பு இங்கே வந்து, தேங்கிக் கிடந்த துணிகளைப் பிரித்து உருப்படியாக்கும் வேலையில் இறங்கியது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. ஆகவே நிவாரணத்துக்கோ இல்லத்துக்கோ போர்வை கொடுப்பவர்கள், துவைத்து மடித்து, "பழைய சேலை, துவைத்தது, அந்துருண்டை போடாதது" என்று ஒரு சீட்டும் வையுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். நடுவில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்ததைத் தண்ணீரில் போடாதீர்கள், கட்டி தட்டிவிடும். அதற்கு வெயில் மட்டும்தான். துணிப் பெட்டிக்கு அந்துருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலை போடுகிறேன். கற்பூரமும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாதாம். வேறு நல்ல வழி தெரிந்த தோழியர் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, விழிதியூர், காரைக்கால்.