குனிந்த முதுகுகள்

கோதுமை அறுப்பு முடிந்த வயல். தூரத்தில் மலைபோல் குவிந்த கதிர்ப்போர்கள், பாரம் ஏறிய வண்டி, குதிரைமேல் அமர்ந்தபடி மேற்பார்க்கும் கங்காணி. பண்ணையின் செல்வமெல்லாம் அங்கே, சின்னஞ்சிறிதாகத் தெரிகிறது. இங்கே, நம் கண்ணுக்கு நேரே, படத்தை நிறைத்துக்கொண்டு மூன்று ஏழைப் பெண்கள். தாள்களுக்கிடையே உதிர்ந்து கிடக்கும் கதிர்களைப் பொறுக்குகிறார்கள்.

பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே 1857-இல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு வைத்த ‘கதிர் பொறுக்குவோர்’ ஓவியம் இது. விவிலியத்தில் ரூத்தின் கதையைப் படித்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும். அறுத்தவர் விட்டுப்போன கதிர் ஏழைக்கு. பிரான்சிலும் அந்த உரிமை இருந்தது. அறுப்பு முடிந்த பிறகு, பொழுது சாயும்வரை மட்டும்.

இரண்டு பெண்களின் முதுகு முழுக்க வளைந்திருக்கிறது. மூன்றாமவள் பாதி நிமிர்ந்த நிலையில், கையிலுள்ளதைச் சேர்த்துப் பிடிக்கிறாள். இன்னொரு நொடியில் அவளும் குனிந்தாக வேண்டும். நாற்று நட்டவர்களுக்குத் தெரியும், குனிவதைவிட இடுப்பை நிமிர்த்துவதுதான் கொடுமை என்று. அந்த வலியை மில்லே ஒரு துளிக் கண்ணீர் இல்லாமல் வரைந்துவிட்டார். முகங்கள் நிழலில் இருக்கின்றன. யாரும் நம்மைப் பார்க்கவில்லை, நம் இரக்கத்தைக் கேட்கவில்லை. தடித்த விரல்கள், முரட்டுத் துணி, மடியில் கொஞ்சம் கதிர், கவனம் முழுக்க மண்ணில். கோயில் சிலைகளுக்குரிய கனம் அந்த உடல்களில் இருக்கிறது. இந்தப் படத்தின் கண்ணியம் அங்கேதான் என்பேன்.

இதைக் கண்டு பாரிஸ் பயந்தது. 1848 புரட்சி நடந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தப் பெண்களின் பின்னால் பிரெஞ்சுப் புரட்சிக்கால 1793-இன் கொலைமேடைகள் தெரிவதாக ஒரு விமர்சகர் எழுதினார். கதிர் பொறுக்கும் மூன்று பெண்களிடம் அத்தனை அச்சம்! ஏழையைப் படத்தின் ஓரத்தில் வைத்திருந்தால் யாரும் கலங்கியிருக்க மாட்டார்கள்.

மில்லே வேடிக்கை பார்க்க வயலுக்குப் போனவர் அல்லர். 1814-இல் நார்மண்டியின் குருஷி என்ற சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் வயல்வேலை செய்தவர். 1849 முதல் பார்பிசோன் கிராமத்தில் வாழ்ந்தார். வின்சென்ட் வான்கோ அவரைக் குருவாகவே கொண்டு, அவருடைய படங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் வண்ணங்களில் மீண்டும் வரைந்தார்.

ஓவியம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். பார்க்கும்போது, இடப்பக்கப் பெண் முதுகின்மேல் மடக்கி வைத்திருக்கும் கையைத் தவறவிடாதீர்கள். பொறுக்கிய கதிர் அந்தக் கையில்தான் இருக்கிறது.