வரிசை ஏன் இவ்வளவு நீள்கிறது?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்குச் சாலை வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சாதாரண நாளில் பேருந்து ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேர்ந்துவிடும். வழியில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்ததே நமக்குத் தெரியாது. அதே சாவடியில், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய நாள்களில், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் வாகனங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் அணிவகுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "வண்டிகள் அதிகம், வரிசையும் நீளம். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது, மாணவர்களே! வண்டிகள் பத்தில் ஒரு பங்கு கூடும்போது வரிசை பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுவதுண்டு. அது எப்படி?

கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, முதலில் பொருட்காட்சித் திடலில் சுழலும் பெரிய ராட்டினத்திற்குப் போவோம். அதில் 12 பெட்டிகள், பெட்டிக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியும் கீழே வந்து நின்று, இருப்பவர் இறங்கிப் புதியவர் ஏற 20 விநாடி ஆகிறது. 12 பெட்டிகளுக்கு 4 நிமிடம். பிறகு 4 நிமிடச் சுற்று. ஆக, 8 நிமிடத்திற்கு 48 பேர்; நிமிடத்திற்கு 6 பேர். உங்களுக்கு முன்னால் 150 பேர் நின்றால் 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. தலைகளை எண்ணி வகுத்தால் போதும்.

இந்த எளிய வகுத்தலுக்குள் ஒரு பொதுவிதி ஒளிந்திருக்கிறது. வரிசையில் சராசரியாக நிற்போரின் எண்ணிக்கை, நிமிடத்திற்கு வருவோரின் எண்ணிக்கையை ஒருவர் காத்திருக்கும் நிமிடங்களால் பெருக்கியதற்குச் சமம். ரேஷன் கடையானாலும் மருத்துவமனையானாலும் இது பொருந்தும். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் இதற்குக் கணித நிரூபணம் தந்தார்.

ராட்டினக்காரர் வரிசையைக் குறைக்க என்ன செய்யலாம்? சுற்றை 3 நிமிடமாகக் குறைத்தால் மணிக்கு 360 பேருக்குப் பதில் 411 பேர் ஏறலாம். ஆனால் காசு கொடுத்த பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்! அதற்குப் பதிலாக, மேடையைச் சற்று மாற்றி ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகளில் ஆள் ஏற்றினால், ஏற்றும் நேரம் 2 நிமிடமாகிவிடும். சுற்றைக் குறைக்காமலே மணிக்கு 480 பேர். நேரம் வீணாவது சுழலும்போது அல்ல, நிற்கும்போதுதான். 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் லண்டன் ராட்டினத்தில் இதை நன்றாகவே உணர்ந்து அமைத்திருக்கிறார்கள். அதில் 32 கண்ணாடிக் கூண்டுகள், கூண்டுக்கு 25 பேர். விநாடிக்கு 26 சென்டிமீட்டர் என்ற ஆமை வேகத்தில் நகர்வதால் ஆள் ஏறுவதற்காக அதை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. நகரும்போதே காலெடுத்து வைத்து ஏறிக்கொள்ளலாம்.

இனி சாவடிக்குத் திரும்புவோம். ஒரு வழித்தடத்தில் வண்டிக்கு 10 விநாடி ஆனால் மணிக்கு 360 வண்டிகள் கடக்கலாம். மணிக்கு 324 வண்டிகளே, அதாவது கொள்ளளவில் 90 சதவீதமே வந்தால் வரிசை உண்டாகக் கூடாது அல்லவா? கடிகார முள் தவறாமல் 11 விநாடிக்கு ஒன்றாக வந்தால் உண்டாகாதுதான். ஆனால் வண்டிகள் அப்படி வருவதில்லை. மெதுவாகப் போகும் ஒரு லாரியின் பின்னால் பத்துக் கார்கள் மொத்தமாக வந்து சேரும். பிறகு அரை நிமிடம் ஒன்றுமே வராது. அந்த அரை நிமிடம் சாவடி சும்மா இருக்கும். வீடூர் அணையில் மழைநீரைத் தேக்கிப் பிறகு பாசனத்துக்கு விடுவதுபோல், சும்மா இருந்த நேரத்தைத் தேக்கிவைத்து நெரிசலின்போது செலவழிக்க முடியாது. போனது போனதுதான்.

ஒழுங்கற்ற வருகைக்குக் கணக்குப் போட முடியும் என்று முதலில் காட்டியவர் டென்மார்க் நாட்டின் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1909-ல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததே இன்றைய வரிசைக் கோட்பாடு. வருகையும், ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் நேரமும் ஒழுங்கின்றி மாறும்போது, அக்கோட்பாடு தரும் ஒரு விடை மிக எளியது: சாவடி வேலை செய்யும் பங்கை அது சும்மா இருக்கும் பங்கால் வகுத்தால், சராசரியாக அங்கே நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை கிடைக்கும். 50 சதவீதம் வேலை என்றால் 50-ஐ 50-ஆல் வகுக்க 1 வண்டி. 80 சதவீதம் என்றால் 4. 90 சதவீதம் என்றால் 9. 99 சதவீதத்தில்? 99 வண்டிகள்!

சற்று நின்று யோசியுங்கள். 90-லிருந்து 99-க்குப் போக மணிக்கு 32 வண்டிகள் மட்டுமே கூடுதலாக வந்தன. ஒருவர் காத்திருக்கும் நேரமோ ஒன்றரை நிமிடச் சொச்சத்திலிருந்து ஏறக்குறைய 17 நிமிடத்திற்குத் தாவிவிட்டது. பண்டிகை நாளில் கூடுதலாக ஓரிரு தடங்களைத் திறந்துவிட்டால் நெரிசல் சட்டென்று தணிவதும் இதே காரணத்தால்தான்.

2021 பிப்ரவரியில் நாடெங்கும் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், வண்டிக்கு 10 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது, வரிசை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது. ஒரு காருக்கு இடைவெளியுடன் 7 மீட்டர் என்றால் 100 மீட்டரில் 14 கார்கள். நம் விதிப்படி 14 கார்கள் நிற்கும் தடம் 93 சதவீதம் நிரம்பியிருக்கிறது. அதாவது, இனிச் சிறிது கூடினாலும் கட்டுக்கடங்காது என்னும் எல்லையில்தான் அந்தக் கோடு விழுகிறது.

கொள்ளளவையே மீறிவிட்டால் என்ன ஆகும்? மணிக்கு 360 போகும் தடத்தில் 3 மணி நேரம் 420 வீதம் வந்தால் 180 வண்டிகள் தேங்கும். ஒன்றே கால் கிலோமீட்டர் வரிசை. பிறகு வருகை 300-ஆகக் குறைந்தாலும் தேக்கம் தீர இன்னும் 3 மணி நேரம் ஆகும். "கூட்டம்தான் குறைந்துவிட்டதே, இன்னும் ஏன் நகரவில்லை?" என்று ஓட்டுநர்கள் எரிச்சலடைவது இந்த நேரத்தில்தான்.

இதுவரை சொன்னது வாகனங்களுக்கு. வாகனத்தை அமுக்க முடியாது. ஆகவே மிகையான வண்டிகள் வரிசையின் நீளமாக மாறுகின்றன. மனிதரை அமுக்க முடியும்! தடுப்புக் கம்பியில்லாத வாயிலில் மிகையான ஆட்கள் நீளமாக மாறாமல் நெருக்கமாக மாறுகிறார்கள். ஆபத்து அங்கேதான். சதுர மீட்டருக்கு 5, 6 பேரைத் தாண்டினால் யாரும் தம் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் ஒரு திரவம்போல் நடந்துகொள்ளும். பின்னால் தள்ளிய தள்ளல் அலையாகப் பரவி முன்னால் இருப்பவரின் மார்பை அழுத்தும். இத்தகைய நெரிசல்களில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்றபடியே மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகக் கூடிய கூட்டத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர்.

பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. அவர் தள்ளுவது முன்னேறுவதற்காக. வாயில் அடைபட்டிருப்பதை அவர் அறியமாட்டார். எனவே கூட்டம் நகராமல் நின்றுவிட்டால், தள்ளாமல் நீங்களும் நில்லுங்கள். நான்கு புறமும் பிறர் உடம்பு உங்களைத் தொட ஆரம்பித்தால், இன்னும் நகர முடியும் நிலையிலேயே ஓரத்தை நோக்கிச் சாய்வாக விலகிவிடுங்கள். விலக முடியாவிட்டால் இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து, மூச்சுக்கு இடம் விட்டுக்கொள்ளுங்கள். கூட்டம் தள்ளும்போது எதிர்த்து நிற்காமல் அதனுடன் அசைந்து, தள்ளல் ஓய்ந்த கணத்தில் ஓரத்துக்கு நகருங்கள். செருப்போ பணமோ விழுந்தால் எடுக்கக் குனியாதீர்கள்.